மூன்று வாளியும் ஒரு பிராதும்

6 நவம்பர் 2006, திங்கள்

இன்று மூன்றாவது வாளியையும் வாங்கிவிட்டேன். பச்சை நிறம், மூடியோடு.

நான் ஒருத்தி இருக்கிற வீட்டில் மூன்று வாளி எதற்கு? குற்றம் என்னுடையதில்லை, என் இடது கெண்டைக்காலுடையது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைவீதி வழியாக வீட்டுக்கு நடந்தால், சொல்லிவைத்தாற்போல விருத்தகிரியின் பிளாஸ்டிக் கடை வாசலுக்கு வந்ததும் அந்தச் சதை ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்கிறது. ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. நின்றால் சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல வலி போய்விடும். ஆனால் நடுவீதியில் ஒரு பொம்பளை சும்மா நின்றால் நாலு பேர் விசாரிப்பார்களே! அதனால் கடையை வேடிக்கை பார்ப்பது போல நிற்கிறேன். விருத்தகிரி விடுவானா? "வாங்கம்மா, புது மாடலு வந்துருக்குது" என்று வாளியைத் தட்டிக் காட்டுகிறான். நின்ற பாவத்துக்கு வாங்க வேண்டியதாகிவிடுகிறது.

அடுத்த நிறுத்தம் இன்னும் மோசம், சவப்பெட்டிக் கடை. போன வாரம் அங்கே நின்றபோது கடைக்காரர் ரொம்பத் தணிந்த குரலில், "உயரம் எவ்ளோ இருப்பாங்கம்மா?" என்று கேட்டார். "என் உயரந்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், மனிதர் பயந்துவிட்டார்.

துர்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. நெய்வேலியில் இருக்கிற மகளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வந்து என் துணிமணியை மூட்டை கட்டி, அவள் வீட்டு மாடியில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவாள். அவள் அப்பா போன பிறகு என்னை உட்காரவைப்பதிலேயே குறியாக இருக்கிறாள்.

9 நவம்பர், வியாழன்

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். எங்கள் பீங்கான் கம்பெனிக்கு வருகிற டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு.

கணுக்காலில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்துக் கேட்டார்கள். வலது காலில் ரத்தம் ஓடுகிற சத்தம் புஸ், புஸ் என்று கோபக்காரப் பூனை மாதிரி வந்தது. இடது காலில் சத்தத்தைத் தேட வேண்டியிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் வேலையே அதுதானே! சூளையிலிருந்து வருகிற கப்பை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். டிங் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே விரிசல், செகண்ட்ஸில் போட வேண்டும். இத்தனை வருஷம் நான் கப்பைத் தட்டினேன், இன்றைக்கு என்னையே யாரோ தட்டிப் பார்த்து டொக் என்று சொல்லிவிட்டார்கள்.

கால் ரத்தக்குழாயில் அடைப்பாம். சர்க்கரை ஒரு காரணம். வெற்றிலையோடு நான் அடக்கிக்கொள்கிற புகையிலை இன்னொரு காரணம். மருந்து என்ன தெரியுமா? நடக்க வேண்டுமாம். நடந்தால் வலிக்கிறது என்று போனவளை நடக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "மூணு மாசம் ஒழுங்கா நடங்கம்மா. அப்புறம் மறுபடி டெஸ்ட் எடுப்போம். முன்னேற்றம் இல்லன்னா ஆபரேஷனப் பத்திப் பேசலாம்."

பேசுவதற்கு வேறு விஷயமா இல்லை?

10 நவம்பர்

புகையிலை டப்பாவைக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன்.

சாயங்காலம் போய் எடுத்துவந்துவிட்டேன். டப்பா நல்ல டப்பா. உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, வறுத்த தனியா போட்டுவைத்திருக்கிறேன்.

13 நவம்பர், திங்கள்

ஸ்கூல் மைதானத்தில் காலையில் ஒரு கோஷ்டி நடக்கிறது. எல்லோரும் என்னைப் போலக் கால் அடைத்தவர்கள். நடத்துவது ஜெசி என்கிற பிசியோதெரபி பெண். வயதில் துர்காவைவிடச் சின்னவள், அதட்டலில் எங்கள் சூப்பர்வைசரைவிடப் பெரியவள்.

"ஆன்ட்டி, வலி ஆரம்பிச்சதும் நிக்கக் கூடாது. நல்லா வலிக்கிற வரைக்கும் நடக்கணும். அப்புறம் நில்லுங்க. முழுசா போனதும் மறுபடி நடங்க."

"வலிக்க வலிக்க நடந்தா கால் போயிடாதாம்மா?"

"நடக்கலன்னாதான் போயிடும். பெரிய வாய்க்கால் தூந்துபோச்சுன்னா தண்ணி சும்மா இருக்குமா? பக்கத்துல சின்னச் சின்னதா வழி பண்ணிக்கும். நீங்க நடந்து கேட்டாதான் ரத்தம் அந்த வழியத் தேடும்."

வெறுங்காலோடு எங்கும் போகக் கூடாது, தினமும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும், சின்னக் காயம் என்றாலும் உடனே சொல்ல வேண்டும் என்றும் கட்டளை. சரி தாயே என்றேன்.

இதைத்தான் எழுத வந்தேன்: அந்தக் கோஷ்டியில் போஸ்டர்க்காரர் இருக்கிறார்! விருத்தகிரி கடைக்கு எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் படித்துக்கொண்டு நிற்பாரே, உயரமான, நரைத்த மீசைக்காரர். ஊரில் செத்தவர்கள் எல்லோரும் அவருக்குச் சொந்தம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்திருந்தேன். அவரும் கால் வலிக்கு நிற்கிறவர்தானாம். பெயர் ஆசீர்வாதம். ரயில்வேயில் பார்சல் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர்.

"நீங்கதானே வாளி வாங்கற அம்மா?" என்று அவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஜெசி விசில் ஊதி நடக்கச் சொன்னாள்.

14 நவம்பர்

கால் வலி. அதைவிட வாய் வலி. புகையிலை இல்லாத வாயை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

24 நவம்பர், வெள்ளி

விடாத மழை. மைதானம் குளமாகிவிட்டது. ஆசீர்வாதம் சார் எல்லோரையும் ஜங்ஷனுக்கு அழைத்துப் போய்விட்டார். ஒன்றாம் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். கூரை இருக்கிறது, மேடு பள்ளம் கிடையாது, இடைக்கிடையே பெஞ்சு இருக்கிறது. கால் அடைத்தவர்களுக்கென்றே வெள்ளைக்காரன் கட்டிவைத்தது போல இருக்கிறது. எல்லோரும் மரியாதையாகப் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டோம். திருச்சி வண்டிக்குக் காத்திருந்த ஓர் அம்மாள், "யார வழியனுப்ப வந்தீங்க?" என்று கேட்டார். "எங்க கால் வலியத்தாங்க" என்றார் ஆசீர்வாதம் சார். வெள்ளைக்காரனுக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

இன்னொன்று கவனித்தேன். எனக்கு டீக்கடை தாண்டிய பெஞ்சு வரும்போது வலி பிடிக்கிறது. அவருக்கும் அதே பெஞ்சு. எனக்கு இடது கால், அவருக்கு வலது. மற்றவர்கள் முன்னே பின்னே நிற்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே பெஞ்சுக்கு முன்னால் நிற்கிறோம்.

5 டிசம்பர்

கம்பெனியில் இன்று ஒரே ரகளை. சூளை வண்டி இறக்குகிற நல்லமுத்து வந்து, "யக்கா, இன்னைக்கு செகண்ட்ஸ் கூடை கூடையா நெறையுது. சூளையில கோளாறா, ஒனக்கு கோளாறா?" என்று கேட்டான். எடுத்துப் பார்த்தால் பாதி நல்ல கப்பு. புகையிலை இல்லாத கோபத்தில் தட்டினால் எல்லாம் டொக் என்றுதான் காதில் விழுகிறது. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தட்டினேன். நல்லமுத்து உதவி செய்தான், கூடவே சிரித்தான். தனியா டப்பாவை அவனிடம் நீட்டினேன். ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "ரசம் கொதிக்கற வாசன வருதுக்கா" என்றான்.

17 டிசம்பர், ஞாயிறு

மழை விட்ட பிறகும் கோஷ்டி பிளாட்பாரத்திலேயேதான் நடக்கிறது. இன்று அதற்கு லீவு. ஆனாலும் பிளாட்பாரத்துக்குப் போனேன். அவரும் வந்திருந்தார். நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அவர் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறதாம். மகன் மஸ்கட்டில். சமையல் அவரே செய்கிறார், சாம்பார் மட்டும் வருவதில்லையாம். "பருப்பு வேவும், புளி கொதிக்கும், ரெண்டையும் ஒன்னா சேத்தா சண்ட போட்டுக்குது" என்கிறார். என்ன மனிதர்! பெருங்காயத்தை எப்போது போட வேண்டும் என்று ஒரு முழு பெஞ்சு நேரம் சொல்லிக்கொடுத்தேன். வலி எப்போதோ போய்விட்டது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதையும் எழுதிவைக்கிறேன், பிறகு படிக்கும்போது புத்தி வரட்டும்.

25 டிசம்பர்

கேக் கொண்டுவந்தார். எனக்குச் சர்க்கரை என்பதால் விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு. மிச்சத்தை ஜெசி தின்றாள்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். மை காய்வதற்குள் அடித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

9 ஜனவரி 2007

விபரீதம் நடந்துவிட்டது. டீக்கடை பெஞ்சு வந்தது, எனக்கு வலிக்கவில்லை! சும்மா லேசாக இழுத்தது, அவ்வளவுதான். அடுத்த பெஞ்சுவரை போய்விடலாம் போலிருந்தது. கத்திக் குதிக்க வேண்டும் போல ஒரு சந்தோஷம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் வழக்கம்போல அங்கேயே நின்று காலை உதறிக்கொண்டிருக்கிறார்.

நானும் நின்றேன். "அப்பாடி, என்னா வலி" என்றேன்.

முன்பெல்லாம் வலிக்கும்போது வலிக்காதது போல நின்று வாளி வாங்கினேன். இப்போது வலிக்காதபோது வலிக்கிற மாதிரி நிற்கிறேன். எனக்கே என் மேல் சிரிப்பு வருகிறது.

16 ஜனவரி

பொங்கலுக்கு துர்கா வந்தாள். வந்த வேகத்திலேயே வாளிகளைப் பார்த்துவிட்டாள். "அம்மா, வாளிக் கட வெக்கப் போறியா?" என்றாள். மாத்திரைச் சீட்டையும் பார்த்துவிட்டாள். பிறகென்ன, ஒரே அழுகை, கோபம், "நெய்வேலிக்குக் கெளம்பு". டெஸ்ட் முடியட்டும், முன்னேற்றம் இல்லையென்றால் நானே பெட்டியோடு வருகிறேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். கரும்பைக் கடித்துக்கொண்டே, "ரயிலடியில யாரோ ஒருத்தரோட சிரிச்சுக்கிட்டு நடக்கறியாமே?" என்றாள். கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கால் அடைத்தவர்கள் சிரிக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் கரும்புச் சக்கையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

22 ஜனவரி, திங்கள்

ஜெசி பிடித்துவிட்டாள். "ஆன்ட்டி, உங்க மூஞ்சில வலியே இல்ல. சும்மா நிக்கிறீங்க. இப்பிடி நின்னா இதுவரைக்கும் நடந்தது எல்லாம் வீணு." எல்லோர் எதிரிலும் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"எனக்காக நிக்கிறீங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

பிறகு ஜெசி அவர் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். சாக்ஸைக் கழற்றினார். சுண்டுவிரல் ஓரத்தில் புண், சுற்றிலும் நீலம் பாரித்திருக்கிறது. எத்தனை நாளாக மறைத்திருக்கிறார்! சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட். எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்தோம். எல்லோருக்கும் கால் திறந்தது, அவருக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று இப்போது தெரிந்தது.

23 ஜனவரி

புதுச்சேரிக்குப் போய் வந்திருக்கிறார். சிகரெட்டை விட்டால்தான் விரல் தங்கும், இல்லையென்றால் விரலோடும் நிற்காது என்று சொல்லிவிட்டார்களாம். ஏப்ரலில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டுப் பிளாட்பாரத்தின் கோடியில் போய்ப் பற்றவைக்கிறார்! என் கண் எதிரில்!

இன்னா மனுசன் இவரு? காலு போச்சுன்னா யாரோட நடக்கறதாம் நானு? புகையிலைய நான் விடலியா? வாய் கெட்டு, தூக்கம் கெட்டு, நல்ல கப்பையெல்லாம் செகண்ட்ஸ்ல போட்டு விடலியா? சொன்னா, "முப்பத்தஞ்சு வருசப் பழக்கம் திரௌபதிம்மா, நீங்க முன்ன போங்க, நான் மெதுவா வரேன்"ங்கறாரு. முன்ன போவணுமாம். போவத் தெரியாமலா நின்னுக்கிட்டிருக்கேன்?

எழுதி எழுதிப் பேப்பர் கிழிகிறது. அழுகையாக வருகிறது.

26 ஜனவரி, வெள்ளி

குடியரசு தினம், கம்பெனி லீவு. காலையில் எழுந்ததும் முடிவு பண்ணிவிட்டேன். பஸ் ஏறி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். ஊரில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தாலும் அங்கேதானே முறையிடுகிறோம். முருகனுக்குப் பேப்பரில் பிராது எழுதி, சன்னதியில் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் எதிரில் இருக்கிற வேலில் கட்டிவிட வேண்டும். எதிராளி இருக்கிற தூரத்துக்குத் தக்கபடி சாமிக்குப் படிக்காசும் கட்ட வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு. நடந்துவிட்டால் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பெயர்.

எழுதித் தருகிற பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எதிராளி பேரு?"

"சிகரெட்டு."

பேனா நின்றது. "ஆளு பேரச் சொல்லுங்கம்மா."

"ஆளு மேல பிராது இல்லீங்க. அவரு நல்லவரு. சிகரெட்டு மேலதான்."

"வெலாசம் வோணும்ல? சாமி எங்கன்னு போவும்?"

இது நியாயம் என்று பட்டது. "ஆசீர்வாதம் சார் சட்டப்பை, ஜங்ஷன் ரோடு, விருத்தாசலம்."

"ஆசீர்வாதமா? வேதக்காரங்களாச்சே!"

"அவருதாங்க வேதக்காரரு. சிகரெட்டு ஞானஸ்நானம் வாங்கலீங்க."

பெரியவர் இருமுவது போலச் சிரித்தார். எழுதினார். பிறகு, "அவரு ஒங்களுக்கு இன்னா முறை?" என்றார்.

இதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. "ஒரே வகுப்புங்க" என்று உளறினேன். "இந்த வயசுலயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'தெரிந்தவர்' என்று எழுதினார். கட்டிவிட்டு வந்தேன். 'தெரிந்தவர்' என்ற அந்தச் சொல் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது.

29 ஜனவரி

அவரிடம் சொல்லிவிட்டேன். மறைத்துவைக்க எனக்கு வராது.

முதலில் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். பிறகு சிரித்தார். சிரித்து முடித்ததும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க மாதாகிட்ட எத்தன தடவ வேண்டியிருக்கேன் தெரியுமா? வேண்டிட்டு வெளிய வந்து பத்தவெப்பேன். அவங்க தாயி, கோச்சுக்க மாட்டாங்கன்னு ஒரு நெனப்பு. இது அப்பிடி இல்லியே. வேற வூட்டு சாமி. படிக்காசு வாங்கிக்கிட்டு அம்மாந்தூரத்துலேர்ந்து என் சட்டப்பைக்கு வருது. வர்ற நேரத்துல உள்ள பாக்கெட் இருந்தா மரியாதையா இருக்குமா?"

பாக்கெட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். சட்டைப்பையை உதறித் துகளைக்கூடத் தட்டிவிட்டார். எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறபோது நான் வாசல் பெருக்கியது போல இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

12 பிப்ரவரி

புதுச்சேரி. என் இடது கால் புஸ் என்றது! வலது அளவுக்கு இல்லை. ஆனாலும் தேட வேண்டியிருக்கவில்லை, வைத்ததும் கேட்டது. ஆபரேஷன் பேச்சே இல்லை, நடப்பதை விடாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே துர்காவுக்குப் போன் செய்து, "மாடிய வேற யாருக்காவது வாடகைக்கு விட்டுடு" என்றேன்.

20 பிப்ரவரி

சிகரெட்டுக்குப் பதில் மல்லாட்டை. வறுத்த வேர்க்கடலையைச் சட்டைப்பை நிறையப் போட்டுக்கொண்டு வருகிறார். கை சும்மா இருந்தால்தான் நினைப்பு வருகிறதாம், உரித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். "சாமி வந்தா ரெண்டு மல்லாட்ட தின்னுட்டுப் போவட்டும்" என்கிறார். பிளாட்பாரம் பூரா தோல் கிடக்கக் கூடாது என்று ஜெசி அதட்டியதால் ஒரு கையில் பையும் வந்துவிட்டது. மல்லாட்டை மண்டிக்காரர் போலவே நடக்கிறார்.

நேற்று ஒரே ஒரு சிகரெட் பிடித்துவிட்டதாக அவரே வந்து சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. நான் திட்டவில்லை. டப்பாவைத் திறந்து தனியா கொடுத்தேன்.

2 மார்ச், வெள்ளி

மாசிமகத் தேர். போன வருஷம் கடைவீதித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வருஷம் தேரோடு வீதி சுற்றினேன்! தேர் நடக்கிற விதத்தை இன்றுதான் கவனித்தேன். கொஞ்சம் நகரும், நிற்கும், கட்டை போடுவார்கள், எடுப்பார்கள், மறுபடி நகரும். தேரையும் ஜெசியின் கோஷ்டியில் சேர்த்திருப்பார்கள் போல. கூட்டத்தில் அவர் ஓரமாக வந்துகொண்டிருந்தார். தேர் நிற்கும்போதெல்லாம் நின்றார், நகரும்போதெல்லாம் நடந்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வடக்கு வீதியில் என் பக்கத்தில் வந்து, "இது சௌகரியமா இருக்குது, தெனம் தேர் இழுப்பாங்களா?" என்றார்.

டீக்கடை பெஞ்சை அவர் தாண்டிவிட்டார் என்று எழுத மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை. அடுத்த பெஞ்சுவரை போய்த்தான் நின்றார். நான் கைதட்டியதில் போர்ட்டர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

11 ஏப்ரல்

அவருக்கு டெஸ்ட். நான் கம்பெனியில் கப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே காதில் ஏறவில்லை. நல்லமுத்து, "யக்கா, அந்தக் கப்ப இதோட மூணு தடவ தட்டிட்ட" என்றான்.

சாயங்காலம் வந்தார், நடந்தே வந்தார். புண் ஆறிவிட்டது. விரல் அவருடையதுதான். பத்தும் பத்திரம். கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, "கேக்கறீங்களா? புஸ்ஸு, புஸ்ஸு" என்று அவரே சத்தம் போட்டுக் காட்டினார். வாட்ச்மேன் முன்னால்! எனக்கு வெட்கம் பிடுங்கியது. ஆனாலும் இன்னொரு தடவை செய்யச் சொன்னேன்.

22 ஏப்ரல், ஞாயிறு

ராஜினாமா கொடுக்க மணவாளநல்லூர் போனோம். பஸ் வேண்டாம் என்று சொன்னது அவர்தான். விடியலில் கிளம்பினோம். மூன்று இடத்தில் நின்றோம். ஒன்று அவருக்காக, ஒன்று எனக்காக, இன்னொன்று இளநீருக்காக. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஜெசிக்குத் தெரிய வேண்டாம் என்று பேசிக்கொண்டோம்.

பெரியவருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது. "சிகரெட்டு கேஸுதானே? ஜெயிச்சாச்சா?" என்றார். பிறகு பக்கத்தில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்து, "இவருதான் அந்தச் சட்டப்பையா?" என்றார். இவர் பையை வெளியே இழுத்துக் காட்டினார். இரண்டு மல்லாட்டைத் தோல் விழுந்தது.

பெரியவர் எழுத ஆரம்பித்தார். பழையபடி அந்த இடம் வந்தது. "முறை இன்னா? தெரிஞ்சவருன்னே போட்ருட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசிவிட்டார். "கட்டிக்கப் போறவருன்னு போடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆட்சேபண இருந்தா இப்பவே பிராது குடுத்துடுங்க திரௌபதிம்மா. பேப்பரு, பேனா எல்லாம் இங்கியே இருக்குது."

எனக்குக் கால் வலிக்கவில்லை. ஆனாலும் ஓர் அடிகூட நகர முடியவில்லை.

"போட்டுக்குங்க" என்று பெரியவரிடம் சொன்னேன்.

9 மே

பதிவாளர் ஆபீஸ் சுவரில் எங்கள் கல்யாண நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். முப்பது நாள் இருக்குமாம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாமாம். இவர் அதற்கு எதிரில் நின்று படித்துக்கொண்டே இருந்தார். "கால் வலிக்குதா?" என்றேன். "இல்ல. இத்தினி வருசமா செவுத்துல ஊராரு பேரத்தான் படிச்சேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னதிலிருந்து துர்கா இரண்டு வாரமாகப் பேசவில்லை. இன்று போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அவரு நல்லா நடக்கறாராம்மா?" என்று கேட்டாள். நடக்கிறார் என்று சொன்னேன். "நீ?" என்றாள். நானும் என்றேன். பதிவு அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறாளாம்.

18 ஜூன், திங்கள்

சாயங்காலம் கடைவீதி வழியாக நடந்து வந்தோம். விருத்தகிரி கடை வந்ததே தெரியவில்லை. தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டான். "இன்னாம்மா, இப்பல்லாம் நம்ம கடைல நிக்கறதே இல்ல? புது வாளி வந்துருக்குது."

"வாளி வேணாம்பா" என்று இவர் திரும்பிச் சொன்னார். "வூட்டுல மூணு இருக்குது. அவங்களுக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு, தொவைக்க ஒன்னு. சரியா இருக்குது."